அற்புதமலரைக் கீழே கூப்பிடும் விதிகள்

1992ஆம் ஆண்டு யூலை முப்பத்தோராம் திகதி வெள்ளிக்கிழமை, பின்னேரம் நான்கு மணியாக நான்கு நிமிடம் இருக்கும்போது, பலெர்மோவில் ஒரு வீட்டின் பின்னறையில் மேசைவிரிப்புக்கு அயர்ன் பிடித்துக்கொண்டிருந்த அற்புதமலர் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்ந்தாள். எட்டரை நிமிடம் அந்தரத்தில் நின்றாள். பிறகு இறங்கினாள். முன்னறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. முதன்முதலாக ஒரு இத்தாலியரும் ஏறியிருந்த விண்கலம் அமெரிக்காவில் கிளம்பியதை வீட்டுக்காரர் எல்லோரும் அங்கே கூடியிருந்து பார்த்தார்கள், கைதட்டினார்கள். மாஃபியா நீதிபதிகளைக் குண்டுவைத்துக் கொன்ற அந்தக் கோடையில் அந்த நகரத்தவர்கள் கைதட்டுவதற்கு வேறு எதுவும் நடக்கவில்லை. தெருமுனைகளில் சிப்பாய்கள் நின்றார்கள். பல்கனிகளில் எழுத்து எழுதிய வெள்ளைத் துணிகள் தொங்கின. ஆகையால் பின்னறையில் வேலைக்காரி மிதந்ததை ஒருவரும் காணவில்லை. அற்புதமலரும் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சாப்பிடாமல் வந்த தலைசுற்று என்று நினைத்தாள். சொல்வதற்கு ஆள் இருந்திருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. மன்னாரிலிருந்து 1989 கடைசியில் ஏஜென்சிக்காரன் ஒருவன் வழியாக வந்து, அடுத்த ஆண்டு வெளிநாட்டவர்களுக்கெல்லாம் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கொடுத்தபோது வரிசையில் நின்று தானும் ஒன்று எடுத்துக்கொண்டாள். கட்டி இரண்டு வருடத்தில் ஊரில் விட்டுவந்த கணவன் அருளையா முதலில் மன்னாரிலும், பிறகு மடுவில் அகதிமுகாமிலும், பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜிலும் காத்திருந்தான். அவள் காலையில் ஒரு வீட்டிலும் பின்னேரம் ஒரு வீட்டிலும் வேலை செய்தாள். முதல் வீட்டுச் சிஞ்ஞோரா அவளுடைய பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்து, இருமுறை சிரித்து, மரியா என்று வைத்துக்கொண்டாள். இரண்டாம் வீட்டுக்காரி பெயரைக் கேட்கவேயில்லை. அவளும் மரியா என்றாள். கொஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் தகப்பன் பெயரைக் கூப்பிட்டார்கள். கபோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் அவளோடு ஓர் அறையைப் பங்கிட்டிருந்த கிளறா என்ற யாழ்ப்பாணத்துப் பெண் அக்கா என்றாள். அருளையாவின் கடிதங்கள் "அன்பின் உமக்கு" என்று தொடங்கின.

அடுத்தடுத்த மாதங்களில் நான்கு விரற்கடை ஒரு முழமானது, முழம் ஓர் ஆளுயரமானது. 1993இல் அவள் அறையின் முகட்டைத் தொட்டாள். முகட்டில் முதுகு ஒட்டியபடி எட்டரை நிமிடம் கிடந்துவிட்டு, உடல் பாரம் திரும்பி வந்ததும் கட்டிலில் விழுந்தாள். கட்டிலில் படுத்திருந்த கிளறா ஒதுங்கி இடம் விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புனிதை சான்ரா றொசாலியாவின் கோயிலுக்கு மலை ஏறிப் போய்வந்த பிறகுதான், கிளறா விசயத்தைப் பேரின்பநாயகத்திடம் சொன்னாள்.

பேரின்பநாயகம் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். பலெர்மோவில் ஒரு மாடிக்கட்டடத்துக் காவலாளி. ஐம்பது வயது, தனிக்கட்டை. எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றார்கள், அவரும் மறுக்கவில்லை. வாசற்கூண்டில் இருந்துகொண்டு குடியிருப்பாளர்கள் வாசித்து எறிந்த பத்திரிகைகளை எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். அற்புதமலர் கலண்டரின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்த திகதிகளை அந்தப் பத்திரிகைகளோடு ஒப்பிட இரண்டு பின்னேரம் சென்றது. உலகத்தில் எங்கே மனிதர்களை ஏற்றிய ராக்கெட் கிளம்பினாலும் அந்த நிமிடத்திலேயே அவளும் கிளம்புகிறாள் என்று கண்டுபிடித்தார். ஆளில்லாத ராக்கெட்டுகளுக்கு அவள் அசையவில்லை. அமெரிக்கர், ரஷ்யர் என்ற பேதம் இருக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச்சிலும் ஆகஸ்றிலும் அமெரிக்காவில் எஞ்சின்கள் பற்றிய பிறகு, கிளம்ப மூன்று விநாடி இருக்கையில் கணினி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அந்த இரண்டு நாளும் அற்புதமலர் நுனிக்காலில் எழும்பி நடுங்கிவிட்டுக் குதிக்காலில் இறங்கியிருந்தாள். அதையும் குறித்திருந்தாள்.

1994 யூலையில் அவள் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே முகடு இருக்கவில்லை. நான்காம் மாடியில் இருந்த கிழவி சிஞ்ஞோரா சரினா, அந்தத் தெருவின் வழக்கப்படி, கயிற்றில் கட்டிய பிரம்புக்கூடையைக் கீழே இறக்கிப் பீச்சுப்பழம் வாங்கி மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். கூடையோடு அற்புதமலரும் வந்தாள். சரினா முதலில் பழத்தை உள்ளே வைத்தாள், பிறகு அற்புதமலரைப் பாவாடையில் பிடித்துக் குசினிக்குள் இழுத்து யன்னலைச் சாத்தினாள். எட்டரை நிமிடம் முடிந்ததும் அற்புதமலர் மேசையில் வெட்டி வைத்திருந்த கத்தரிக்காய்களின் மேல் விழுந்தாள். அதற்கு அடுத்த முறை சாத்திய யன்னலின் கொளுக்கி தானாகக் கழன்றது. இடுப்பில் கட்டிய கயிற்றின் முடிச்சு தானாக அவிழ்ந்தது. ராக்கெட்டை மேடையோடு பிடித்து வைத்திருக்கும் பிடிகளும் கிளம்பும் கணத்தில் அப்படித்தான் விடுபடும் என்று பேரின்பநாயகம் சொன்னார். அன்று அவள் யன்னலுக்கு வெளியே போவதைக் கண்ட கிளறா, அக்கா, அக்கா என்று கத்தினாள். அற்புதமலர் நிற்கவில்லை. கிளறா பயத்தில் கோபம் கொண்டு, மரியாதையை விட்டு, "அற்புதமலர்! உங்கை எங்கை போறாய், இறங்கடி!" என்று ஏசினாள். அற்புதமலர் இறங்கி வந்து பல்கனியில் நின்றாள்.

அப்படித்தான் அவளைக் கீழே கொண்டுவரும் வழி தெரியவந்தது. அது எவ்வளவு அவசியம் என்பதும் எல்லோருக்கும் விளங்கியது. ராக்கெட் தன் வட்டத்தைப் போய்ச் சேர எடுக்கும் எட்டரை நிமிடத்தில் உடல் பாரம் திரும்பும். வெளியில், முகடு இல்லாத இடத்தில், கூப்பிட ஆளில்லாமல் அந்த எட்டரை நிமிடம் முடிந்தால் அவள் விழுந்து செத்துப்போவாள்.

பேரின்பநாயகம் அமெரிக்க விண்வெளி ஆய்வு மையத்துக்குக் கடிதம் எழுதினார். மூன்று மாதத்தில் பளபளப்பான ஆங்கிலப் புத்தகம் ஒன்று இலவசமாக வந்தது. ஆட்களை ஏற்றிய கலம் கிளம்பும்போது ஏதும் பிழைத்தால் எப்போது, யார், எப்படிப் பயணத்தைக் கைவிடுவது என்பது பற்றிய புத்தகம். அதைத் தமிழில் பத்து விதிகளாக ஒரு கொப்பியில் எழுதி, ஒரு ஞாயிறு பின்னேரம் கோயில் மண்டபத்தில் வாசித்தார். கிளறாவும் அற்புதமலரும் தேத்தண்ணிக்கு நின்ற நாலைந்து பேரும் கேட்டார்கள்.

"ஏவுமேடையிலை உச்சியிலையிருந்து நிலத்துக்குக் கம்பி கட்டி, அதிலை கூடைகள் தொங்கவிட்டிருக்கினம். கிளம்ப முன்னம் ஆபத்தெண்டால் அதிலை ஏறி வழுக்கிக்கொண்டு வரலாம்," என்றார்.

"சரினாக் கிழவியின்ரை கூடையைக் கேப்பம். அக்கா காலை மடக்கினால் கொள்ளும்," என்றாள் கிளறா.

"பகிடியை விடு பிள்ளை. மூண்டாவது, மேலை இருக்கிற ஆக்களோடை தரையிலை ஒரே ஒரு ஆள்தான் கதைக்கலாம். ஆளாளுக்குக் கத்தினால் குழப்பம். நாலாவது, பேர் சொல்லித்தான் கூப்பிடவேணும்."

ஐந்தாவதுதான் முக்கியமானது. நான்கு நிமிடம் வரைக்கும் கிளம்பிய இடத்துக்கே திரும்பலாம். நான்கு நிமிடம் கடந்ததும் தரையிலிருந்து ஒரு செய்தி அனுப்புவார்கள். அதைப் பேரின்பநாயகம் "இனித் திரும்ப இல்லை" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு எஞ்சின் பழுதானால் கடல் தாண்டி வேறு கரையில் இறங்க வேண்டும், அல்லது நினைத்த உயரத்துக்குப் போகாமல் தாழ்வான ஒரு வட்டத்தில் சுற்ற வேண்டும். அது ஆறாவது விதி. அதை எல்லோரும் கேட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். பத்தாவது, கிழமைக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது. கூப்பிடும் பொறுப்பு உரிமைப்படி கணவனுக்குரியது, அவர் வரும்வரைக்கும் கிளறா பார்க்கட்டும் என்று மண்டபத்தில் தீர்மானித்தார்கள். அற்புதமலரை யாரும் கேட்கவில்லை. அவளும் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு அந்த முறை நன்றாக நடந்தது. பேரின்பநாயகம் பத்திரிகையில் திகதியைப் பார்த்துச் சொல்வார். பின்போடப்பட்டால் அதையும் சொல்வார். எந்த வீட்டில் வேலையில் நின்றாலும் கிளறா அரைமணி விடுப்புக் கேட்டு ஓடி வருவாள். பல்லு வலி, கொஸ்தூராவில் அலுவல், மாமா செத்துப்போனார் என்று அவள் சொன்ன பொய்களில் பதினொரு மாமன்மார் செத்தார்கள். அற்புதமலர் பல்கனியிலிருந்து கிளம்புவாள். மூன்றாவது நிமிடத்தில் கிளறா முழுப்பெயரையும் சொல்லி இறங்கி வரச் சொல்வாள். கபோவின் வியாபாரிகள் முதல் இரண்டு தடவை சிலுவை அடையாளம் போட்டார்கள், பிறகு தார்ப்பாயைக் கொஞ்சம் விலக்கி வழி விட்டார்கள்.

அந்த மூன்று நிமிடங்களைப் பற்றி அற்புதமலர் யாரோடும் கதைக்கவில்லை. மேலே போகும்போது பயம் வருவதில்லை என்பது அவளுக்கே புதினமாக இருந்தது. முதலில் சந்தைச் சத்தம் குறையும், பிறகு வெயில் மட்டும் இருக்கும். யாரும் எதையும் கொண்டுவரச் சொல்லாத, யாருக்கும் எதையும் அனுப்பத் தேவையில்லாத இடம் அது. அங்கே அவள் காத்திருந்தாள். எதற்கென்று கேட்டால், கூப்பிடுவதற்கு. முழுப்பெயரும் கீழேயிருந்து வரும்போது, அந்த ஐந்து விநாடியில், தான் ஓர் ஆள் என்பது அவளுக்கு உறுதியாகும். அதற்காகவே அடுத்த ராக்கெட்டை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்பதை ஒரு மழைநாளில், வெறும் படிகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, கண்டுபிடித்து வெட்கப்பட்டாள். கிளறா சில நாட்களில் அவசரத்தில் இரண்டாவது நிமிடத்திலேயே கூப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். அந்த நாட்களில் அற்புதமலர் பல்கனியில் அப்படியே கன நேரம் நின்றாள்.

1997 யூலையில் அருளையாவுக்கு விசா கிடைத்தது. கபோ அறையில் மூன்று பேருக்கு இடமில்லை. கிளறா இத்தாலியின் வடக்கே றெஜ்ஜோ எமிலியாவில் ஒரு வேலை தேடிக்கொண்டாள். ஆகஸ்ற் ஐந்தாம் திகதி செவ்வாய்க்கிழமை ரஷ்யர்கள் கிளம்பினார்கள். கிளறா கடைசி முறையாகக் கூப்பிட்டாள். முழுப்பெயரையும் சொன்னவள் இறங்கி வா என்பதைச் சொல்ல முடியாமல் அழுதாள். அற்புதமலர் அதற்கும் இறங்கி வந்தாள். அன்று பின்னேரமே கிளறா ரயில் ஏறினாள்.

புதன்கிழமை காலை அருளையா வந்தான். எட்டு வருடத்தில் அவனுடைய நெற்றி பெரிதாகியிருந்தது. அவளுடைய கைகள் பெரிதாகியிருந்தன. இருவரும் ஒருவரையொருவர் விருந்தாளி போல நடத்தினார்கள். அவன் குளித்துவிட்டு ஈரத்துவாயை எங்கே போடுவது என்று கேட்டான். அவள் மீன் பொரித்தாள். அவன் நல்லாயிருக்கு என்றான், பிறகு அதையே மறுபடியும் சொன்னான். அவன் நல்ல மனிதன். குரல் உயர்த்திக் கதைத்ததில்லை. ஆனால் அவன் வீட்டில் ஆண்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. அவனுடைய தகப்பன் கூப்பிட்டதில்லை, தமையன்மார் கூப்பிட்டதில்லை. கட்டிய நாளிலிருந்து அவன் அவளை, இங்கே பாரும் என்ற அர்த்தத்தில், இஞ்சேரும் என்றான். அவள் அவனை இஞ்சேருங்கோ என்றாள். அப்படிக் கூப்பிட்டுக்கொள்கிற கணவன் மனைவியரின் நடுவே அது போதுமானதாகவே இருந்தது. ஒரே அறையில் இருக்கிற இரண்டு பேரில் மற்றவரைத்தான் அது குறிக்கும்.

புதன் பின்னேரம் பேரின்பநாயகம் கொப்பியைக் கொண்டுவந்தார். அடுத்த நாளே அமெரிக்கர்கள் கிளம்புகிறார்கள் என்று சொன்னார். அருளையா பத்து விதிகளையும் இரண்டு தரம் வாசித்தான். மனைவி பறப்பது பற்றி அவன் கடிதங்களில் அறிந்திருந்தான். வெளிநாட்டில் ஆட்களுக்கு இப்படியெல்லாம் நேரும் என்று நினைத்து, எதுவும் கேட்டு எழுதாமல் விட்டிருந்தான்.

"நாலாவது விதி விளங்கிச்சுதோ, தம்பி?"

"ஓம், மாஸ்ரர்."

"சொல்லுவீர்தானே?"

"சொல்லுவன்தானே. இதென்ன பெரிய காரியம்."

பேரின்பநாயகம் பத்தாவது விதியை நினைத்தார். ஒருமுறை சொல்லிக் காட்டும் என்று கேட்க வாயெடுத்தார். எட்டு வருடத்துக்குப் பிறகு வந்து ஒரு நாள்கூட ஆகாத ஒரு மனிதனை, அவன் மனைவிக்கு முன்னால், அவளுடைய பெயரைச் சொல்லிக் காட்டச் சொல்வது எப்படி? அற்புதமலர் குசினிப் பக்கம் திரும்பி நின்றாள். அவளுக்கும் வெட்கமாக இருந்தது. பேரின்பநாயகம் ஒரு மீன்துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "அப்ப நான் வாறன், இனி நீங்கள் பாத்துக்கொள்ளுவியள்," என்று எழும்பிப் போனார்.

வியாழக்கிழமை பின்னேரம் நான்கு மணி நாற்பத்தொரு நிமிடம். கபோவில் பாதிக் கடைகள் வெக்கைக்கு மூடியிருந்தன. அற்புதமலர் நல்ல சேலை ஒன்று உடுத்திருந்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியும். அவன் முதன்முதலாக அவளுடைய பெயரைச் சொல்லப்போகிறான். அருளையா மணிக்கூட்டோடும் கொப்பியோடும் பல்கனியில் நின்றான். பேரின்பநாயகம் மனம் கேளாமல் கீழே ஒழுங்கையில் வந்து, மூடிய மீன்கடையின் நிழலில் நின்றார். அவள் கிளம்பினாள். நான்காம் மாடியைத் தாண்டும்போது சரினா கைகாட்டினாள். முதல் நிமிடமும் இரண்டாவது நிமிடமும் வழக்கம் போலப் போயின. மூன்றாவது நிமிடத்தில் அருளையா கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"இஞ்சேரும்," என்றான்.

அவள் போய்க்கொண்டிருந்தாள். அவன் இன்னும் உரத்துக் கூப்பிட்டான். பிறகு கத்தினான். இஞ்சேரும், இஞ்சேரும் என்று அவன் கத்தியது வுச்சீரியாச் சந்தை வரைக்கும் கேட்டதாகச் சொன்னவர்கள் உண்டு. பெயர் அவனுக்குத் தெரியும். அது தொண்டை வரைக்கும் வந்ததாகவும், அங்கே தகப்பனும் தமையன்மாரும் நிரையாக நின்றதாகவும் பின்னாளில் சொன்னான். வியாபாரிகள் தங்களுக்குத் தெரிந்த பெயரைக் கத்தினார்கள். மரியா என்ற சத்தத்துக்கு அந்த ஒழுங்கையில் ஏழு யன்னல்கள் திறந்தன, ஏழு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பேரின்பநாயகத்துக்குப் பெயர் தெரியும். அவர் வாயைத் திறந்தார். மேலே பல்கனியில் கட்டின மனுசன் நிற்கிறான், தரையிலிருந்து ஒருவர்தான் கதைக்கலாம். வாயை மூடினார். மணிக்கூட்டைப் பார்த்தார். நான்கு நிமிடம் கடந்தது. அந்த நேரத்தில் அனுப்ப வேண்டிய செய்தியை அவர் மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அற்புதமலர் அந்த உயரத்துக்கு முன்பு வந்ததில்லை. மஸ்ஸிமோ அரங்கின் கூரை ஒரு மூடிவைத்த சட்டி போலக் கிடந்தது. துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் நின்றது. கடற்காற்று அவளைத் தெற்கே, ஒரேத்தோப் பக்கம் கொண்டுபோனது. கணவனுடைய குரல் வாயசைவாக மாறி, அதுவும் தெரியாமல் போனது. அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு ஆளைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். நாலரை நிமிடம் மீதி இருந்தது. மரிப்பதற்கு முன் செபம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். செபத்துக்குப் பதிலாக, தன் பெயரை இதுவரைக்கும் யார் யார் சொன்னார்கள் என்று எண்ணத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்ட ஆசிரியை. கலியாணத்தன்று பீடத்துக்கு முன்னால் பாதர். தாய், காய்ச்சல் வந்த நாட்களில். முதல் வீட்டுச் சிஞ்ஞோரா, ஒரே ஒருமுறை. கிளறா, முப்பதுக்கும் அதிகமான தடவை, அதில் பாதி அவசரத்தில். எண்ணி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. பட்டியலில் தான் இல்லை என்பதை அப்போதுதான் கண்டாள். யாராவது கேட்டால் சொல்லியிருக்கிறாள். கேட்காமல் ஒருபோதும் சொன்னதில்லை.

முதலில் கொஸ்தூராவில் சொல்வது போலச் சொன்னாள். தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை மன்னிப்புக் கேட்பது போல மெல்லச் சொன்னாள். தோளில் காற்றின் இழுவை கொஞ்சம் தளர்ந்தது. அது போதாது என்று தெரிந்தது. மூன்றாவது தடவை, சோறு ஆறுகிறது, இவ்வளவு நேரமும் எங்கே நிற்கிறாய் என்று ஒருத்தியைக் கூப்பிடுகிற உரிமையோடும் எரிச்சலோடும் கூப்பிட்டாள்.

"அற்புதமலர்! காணும் நிண்டது! இறங்கி வா!"

குரல் அவளுடையதுதான். ஆனால் அது வெளியிலிருந்து வந்து காதில் விழுந்தது. அதற்கு அவள் கீழ்ப்படிந்தாள். கிளம்பிய இடத்துக்குத் திரும்ப முடியாது, அந்த நேரம் கடந்துவிட்டது. ஆகையால் ஒரேத்தோவில், இரண்டு மாடிக்கட்டடங்களுக்கு நடுவே, கார்கள் நிறுத்தியிருந்த ஒரு தெருவில் இறங்கினாள். நிலத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது இறக்கம் நின்றுவிட்டது. அவள் காத்திருந்தாள். எட்டரை நிமிடம் முடிந்தது. விழவில்லை. காலை நீட்டி நிலத்தைத் தொடப் பார்த்தாள், எட்டவில்லை. ஒரு அடி முன்னுக்கு எடுத்து வைத்தாள். காற்று தாங்கியது. அப்படியே நடந்து ஒரு மணித்தியாலத்தில் கபோவுக்கு வந்து சேர்ந்தாள்.

அருளையா இன்னும் பல்கனியில் நின்றான். குரல் அடைத்திருந்தது. அவளைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு, அவளுடைய கால்களைப் பார்த்து, பிறகு பார்க்காதது போல முகத்தைத் திருப்பி, "இஞ்சேரும், தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டான். அவள் ஓம் என்றாள். அவன் ஒருநாளும் தேத்தண்ணி போட்டதில்லை. சீனியை அளவுக்கு மிஞ்சிப் போட்டுவிட்டான். அவள் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பேரின்பநாயகம் வந்து வாசலிலேயே நின்றார். கண் சிவந்திருந்தது.

"பிள்ளை, அந்தப் புத்தகத்திலை இன்னொண்டும் இருந்தது. நான் எழுதேல்லை. தரையிலை ஒருத்தரையும் கேக்காமல், உள்ளை இருக்கிற ஆளே கைபிடியைத் திருப்பிப் பயணத்தை நிப்பாட்டலாமாம்."

"ஏன் மாஸ்ரர் எழுதேல்லை?"

"ஒரு பொம்பிளைப்பிள்ளை, தனிய... அது எங்களுக்குச் சரிவராதெண்டு நினைச்சன். பிழைதான்."

அவள் கோபிக்கவில்லை. உள்ளே வரச் சொல்லிக் கதிரை கொடுத்தாள். கொப்பியை வாங்கி, பத்தாவது விதிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் அதை எழுதித் தரச் சொன்னாள். அவர் எழுதினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ராக்கெட்டுகள் கிளம்பின. அற்புதமலர் மேலே போகவில்லை, கீழேயும் வரவில்லை. தாழ்வான வட்டத்தில் சுற்றுகிறாள் என்று பேரின்பநாயகம் சொன்னார், ஆறாவது விதி. வேலை செய்த வீடுகளில் ஈரத்தரையில் அடி பதியாததால் சிஞ்ஞோராக்கள் மகிழ்ந்தார்கள். உயர அலுமாரிகளைத் துடைக்க ஏணி தேவைப்படவில்லை. தரையில் விழுந்த ஊசியை எடுக்கத்தான் கஷ்டப்பட்டாள். கோயிலில் முழந்தாளிடும்போது பின்வாங்கில் இருப்பவர்களுக்குப் பீடம் மறைந்தது; அவள் பின்னுக்குப் போய் இருந்தாள். அருளையா மொண்டெல்லோவில் ஒரு வீட்டிலேயே தங்கி வேலை செய்யச் சேர்ந்து, வியாழன் பின்னேரமும் ஞாயிறும் வந்தான். ஒரு வியாழக்கிழமை அவள் குசினியில் நிற்கும்போது, அவன் அறைக்குள் தனியாக இருந்து அவளுடைய பெயரைச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. மூன்று தடவை சொன்னான், மூன்றாவது தடவை சரியாக வந்தது. அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஏதாவது நடக்கும் என்று பார்த்தாள். அவள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தாள்; கூப்பிட்டு முடிந்த ஒருத்தியை மறுபடியும் கூப்பிட முடியாது. ஆனாலும் அவன் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் வெங்காயத்தை வெட்டாமல் நின்றாள்.

தன்னைக் கூப்பிட உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள், எந்த நேரத்திலும் இருக்கிறாள், அவள் வேறு யாருமல்ல என்பது ஆறுதலா இல்லையா என்று அவளால் முடிவுசெய்ய முடியவில்லை. சில நாட்களில் ஆறுதலாக இருந்தது. மற்ற நாட்களில் அது வீடு முழுவதற்கும் எரியும் ஒரே ஒரு விளக்குப் போல இருந்தது. வேலை முடிந்து வரும்போது, ஆளில்லாத ஒழுங்கையில், ஒரு சாண் உயரத்தில், தன் காலடிச் சத்தம்கூடத் துணைக்கு இல்லாமல் நடந்தாள்.

1998 நவம்பரில் அடையாள அட்டை எடுப்பதற்காக மாநகரசபை அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து, கண்ணின் நிறத்தையும் மயிரின் நிறத்தையும் எழுதி, உயரம் எவ்வளவு என்று கேட்டார். ஊரில் அளந்தபோது ஒரு மீற்றர் ஐம்பத்திரண்டு, இப்போது தெரியாது என்றாள். அவர் எழும்பி வந்து அவளைச் சுவரோடு நிறுத்தி, அளவுகோலின் சட்டத்தைத் தலைமேல் இறக்கினார். ஒரு மீற்றர் எழுபத்துநான்கு என்று காட்டியது. காலுக்குக் கீழே இடைவெளி இருக்கிறது என்று அற்புதமலர் இத்தாலிய மொழியில், தவறாக எழுதிவிடக் கூடாதே என்ற கவலையோடு சொன்னாள். அவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, தரையிலிருந்துதான் அளக்கிறது சிஞ்ஞோரா, எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்லி, ஒரு மீற்றர் எழுபத்துநான்கு என்று எழுதி முத்திரை குத்தினார்.